77 டன் தூக்குற விமானம் இருக்கும்போது ஹெலிகாப்டர் எதுக்கு?

பெருங்குடி_வாசகர் | 19.12.2023, இரவு 10:40

தூத்துக்குடி மாவட்ட வெள்ளத்துல, ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் நின்னுபோய், உள்ள இருந்த ஜனத்துக்கு ஹெலிகாப்டர்ல சாப்பாட்டுப் பொட்டலம் போட்டாங்க. நம்ம விமானப்படைகிட்ட 11 சி-17 சரக்கு விமானம் இருக்கு. ஒண்ணு 77 டன் தூக்கும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. ரெண்டே நடை விட்டா தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வாரச் சாப்பாடு. ஏன் செய்யல? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அரசியல்னு மட்டும் சொல்லாதீங்க, அது எனக்கே தெரியும்.

சரக்குத்தளம் | 20.12.2023, காலை 6:15

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. ரெண்டு நடை என்றால் 154 டன். தூத்துக்குடி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி 17.5 லட்சம் பேர். ஆளுக்கு 88 கிராம். ஒரு வாரம் இல்லை, ஒரு வேளைக்குக்கூடக் காணாது.

அடுத்தது அந்த 77 டன். அது விமானத்தின் உடம்பு தாங்கும் உச்ச எடை. கிளம்பும் இடத்தின் வெயில், ஓடுபாதை நீளம், எவ்வளவு தூரம் போகணும், திரும்பிவர எவ்வளவு எண்ணெய் வேணும், இதெல்லாம் கழித்த பிறகுதான் மிச்சம் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். லடாக்கில் லே ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 3,250 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே விடிகாலையில் ஏற்றக்கூடிய எடையை உச்சிவெயிலில் ஏற்ற முடியாது, அதனால்தான் லே வேலை எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும்.

நிவாரணச் சரக்கில் எடை வரம்பைத் தொடுவதற்கு முன்னாலேயே இடம் தீர்ந்துவிடும். சி-17-இல் 18 பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) வைக்கலாம். ஒரு பேலட்டில் சரக்கு வைக்கும் பரப்பு 84 அங்குலத்துக்கு 104, உயரம் 96 வரை. கிட்டத்தட்ட 13.7 கனமீட்டர். போர்வை, பாய், பிஸ்கட், துணி கலந்த மூட்டை கனமீட்டருக்கு 150 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேலட்டுக்கு 2 டன்னைக் கொஞ்சம் தாண்டும், 18 பேலட்டுக்கு 37 டன். பாதி எடையிலேயே விமானம் 'நிறைந்துவிட்டது'.

தண்ணீர் பாட்டில் ஏற்றினால் கதை தலைகீழ். பேலட்டின் வரம்பு 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. இடைவெளியே இல்லாமல் தண்ணீராக அடுக்கினால் 80 செ.மீ. உயரத்திலேயே அந்த எடை வந்துவிடும். மேலே ஒன்றரை மீட்டர் காலி. கீழே தண்ணீர், மேலே போர்வை என்று கலந்து அடுக்குகிறவருக்குத்தான் தொழில் தெரியும்.

மேட்டுப்பல்லாவரம் | 20.12.2023, காலை 9:02

தூத்துக்குடி ஓடுபாதை இப்போ, 2023-ல, 1,350 மீட்டர்தான். சி-17 எப்படி இறங்கும்னு யாரும் கேக்கலியே?

சரக்குத்தளம் | 20.12.2023, மதியம் 1:30

நீளத்தை மட்டும் பார்த்தால் இறங்கும். 3,500 அடி நீளம், 90 அடி அகலம் இருந்தால் போதும் என்றுதான் சி-17-ஐ வடிவமைத்தார்கள். 3,500 அடி என்றால் 1,070 மீட்டர்கூட இல்லை. பிரச்சினை ஓடுபாதையின் தடிமன். ஏ.டி.ஆர். போன்ற 23 டன் பயணிகள் விமானத்துக்குப் போட்ட தளத்தில், முழுச்சுமையோடு 265 டன் வரை போகிற விமானத்தை நிறுத்தினால் சக்கரம் நின்ற இடம் பள்ளமாகும். 14 சக்கரத்தில் எடையைப் பிரித்தாலும் அதுதான் நிலைமை. அடுத்தது ஏப்ரன், அதாவது விமானம் நிறுத்தும் தளம். ஒரு சி-17 நின்றால் வேறு எதுவும் உள்ளே வர முடியாது.

அதைவிடச் சின்ன சரக்கு விமானமான சி-130ஜே வரலாம். அதன் சரக்குத்தரை மண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்தான். லாரியைப் பின்னால் கொண்டுவந்து ரேம்ப்போடு (வால்பக்கம் இறங்கும் சரிவுக் கதவு) சேர்த்து நிறுத்தினால் கைக்குக் கை மாற்றிவிடலாம். ஆனால் அந்த லாரி அங்கே வந்து சேர்வதற்குச் சாலை வேணுமே!

மேட்டுப்பல்லாவரம் | 20.12.2023, இரவு 8:47

அதேதான். 2015 டிசம்பர்ல மீனம்பாக்கம் ஓடுபாதையே தண்ணிக்குள்ள. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்துலதான் பெரிய விமானம் எல்லாம் இறங்குச்சு, பயணிகள் விமானம்கூட அங்கேருந்து ஓட்டுனாங்க. அரக்கோணத்துல இறக்குன சரக்கு வேளச்சேரிக்கு வர எழுபது எண்பது கிலோமீட்டர் ரோடு. விமானம் ரெண்டு மணி நேரத்துல டெல்லியத் தாண்டி வந்துடும், லாரி பூந்தமல்லியத் தாண்டாது.

பெருங்குடி_வாசகர் | 20.12.2023, இரவு 9:15

சரி, ஒத்துக்கறேன். ஆனா இறங்கவே வேணாமே. மேலேருந்தே பாராசூட்ல போட்டா?

சரக்குத்தளம் | 21.12.2023, காலை 5:50

மேலிருந்து போடுவதில் இரண்டு முறை உண்டு. நிவாரணத்துக்குப் பெரும்பாலும் மூட்டை முறைதான். அடியில் ஒட்டுப்பலகை, அதன்மேல் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் தடித்த காகித அட்டை. தரையில் மோதும்போது அது நசுங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் சரக்கு. எல்லாவற்றையும் சுற்றிக் கான்வாஸும் நைலான் பட்டையும். இதன் பெயர் ஏ-22 மூட்டை. 501 பவுண்டிலிருந்து 2,200 பவுண்டு வரை கட்டலாம். உச்சியில் ஜி-12 பாராசூட், தட்டையாக விரித்துப் போட்டால் 64 அடி விட்டம்.

வெளியே தள்ள ஆள் கிடையாது. விமானி மூக்கை சுமார் 7 டிகிரி தூக்குவார், கட்டியிருக்கும் நைலான் பட்டையைக் கத்தி அறுக்கும், மூட்டைகள் உருளையில் தாமாகச் சரிந்து ரேம்ப் வழியாக வெளியேறும். மூட்டையின் கயிறு மேலே ஓடும் கம்பியில் மாட்டியிருப்பதால் பாராசூட்டை அது இழுத்து விரித்துவிடும்.

இதை ஸ்ரீவைகுண்டத்தில் செய்தால் என்ன ஆகும்? விமானம் 130 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 67 மீட்டர் போகிறது. எல்லா மூட்டையும் வெளியேற 5 விநாடி ஆனால் முதல் மூட்டைக்கும் கடைசி மூட்டைக்கும் இடையே 335 மீட்டர். காற்று வீசினால் அதற்குமேல் தள்ளும். ஒவ்வொன்றும் ஒரு டன், விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் வேகம். நான்கு பக்கமும் வெள்ளம், நடுவில் ஒரு பிளாட்பாரம், அதில் நூற்றுக்கணக்கில் ஆள். பாதி மூட்டை தாமிரபரணிக்குப் போகும், மீதி ஆள் தலையில் விழும். அந்தரத்தில் நின்று, கைப்பொட்டலமாக, ஆள் இல்லாத இடம் பார்த்துப் போட ஹெலிகாப்டரால்தான் முடியும். எம்.ஐ-17 ஹெலிகாப்டர் உள்ளே 4 டன் தூக்கும். அந்த வேலைக்கு அது ஏராளம்.

வடசென்னை_72 | 21.12.2023, காலை 11:20

ரெண்டு முறைன்னீங்க, ஒண்ணுதான் சொன்னீங்க.

சரக்குத்தளம் | 21.12.2023, மாலை 4:05

இன்னொன்று கனரக இறக்கம். வண்டி, பீரங்கி, ஜீப் எல்லாம். ஆக்ராவில் இருக்கிற டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் ஐ.எல்-76 சரக்கு விமானத்துக்காக உருவாக்கிய பி-7 இதில் ஒன்று. அலுமினியமும் எஃகும் கலந்த மேடை மட்டுமே 1,110 கிலோ. அதில் 7 டன் வகுப்புச் சரக்கு. முதலில் ஒரு இழுவைப் பாராசூட் மேடையை வெளியே பிடுங்கும், பிறகு பிரேக் பாராசூட்டுகள் வேகத்தைக் குறைக்கும், கடைசியில் ஐந்து முக்கியப் பாராசூட் விரியும். மேடையை இழுக்கும்போது பூட்டு விடவில்லை என்றால் விமானத்தின் வாலில் ஒரு பெரிய பாராசூட் தொங்கிக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் அதை அறுத்துவிடுவதற்கென்றே தனிப் பொறி வைத்திருப்பார்கள். வெள்ள நிவாரணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மேட்டுப்பல்லாவரம் | 22.12.2023, காலை 7:30

பேலட்டப் பத்தி இன்னும் கொஞ்சம் பேசணும். சரக்கு விமானத்துல எல்லாரும் இன்ஜினப் பாப்பாங்க, யாரும் பேலட்டப் பாக்க மாட்டாங்க.

அமெரிக்க முறைப் பேலட் 88-க்கு 108 அங்குலம், கனம் 2.25. மேலயும் கீழயும் அலுமினியத் தகடு, நடுவுல பால்சா மரம். வெறும் பேலட் 290 பவுண்டு, வலையோட 355. ஓரத்துல 22 வளையம், ஒவ்வொண்ணும் 7,500 பவுண்டு தாங்கும். வலை மூணு துண்டு: பக்கத்துக்கு ரெண்டு, மேல ஒண்ணு. ஓரத்துல இருக்குற வெட்டுல விமானத் தண்டவாளத்தோட பூட்டு வந்து உக்காரும்.

இத நேரா மண்ணுல வெக்கக் கூடாது. அடியில மூணு கட்டை, ரெண்டு ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, 4 அங்குலச் சதுரக் கட்டை. கட்டை இல்லாம வெச்சா ஃபோர்க்லிஃப்ட் நாக்கு உள்ள போகாது. டிரைவர் குத்தித் தூக்கப் பாப்பாரு, தகடு கிழியும். கிழிஞ்ச இடத்துல தண்ணி போனா பால்சா ஊறி தகடு உப்பும். உப்புன பேலட் தண்டவாளத்துல சிக்கும். அத எடுத்துப்போட்டாத்தான் பின்னால இருக்குறது வெளிய வரும். டிசம்பர் மழையில திறந்தவெளி ஏப்ரன்ல அடுக்கி வெச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

இன்னொண்ணு, பேலட்டும் வலையும் திரும்பி வரணும். நிவாரணத்துல நடக்குறது என்னன்னா சரக்கோட அதுவும் ஊருக்குள்ள போய்டும். வலை மீன் பிடிக்க, தகடு கூரைக்கு. குத்தம் சொல்ல முடியாது, நல்ல வலை. ஆனா அடுத்த விமானம் சரக்கு ரெடியா இருந்தும் பேலட் இல்லாம நிக்கும்.

சரக்குத்தளம் | 22.12.2023, இரவு 10:10

பேலட்டோடு இறக்கும் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைந்த பேலட்டைக் கையால் தள்ள முடியாது. உயரம் ஏறி இறங்கும் லோடர் வண்டி வேணும், இல்லாவிட்டால் பெரிய ஃபோர்க்லிஃப்ட். இரண்டும் இல்லாத இடத்தில் வலையைக் கழற்றி ஒவ்வொரு பெட்டியாகக் கையில் இறக்கணும்.

கணக்கு போடுங்கள். ஏப்ரனில் இரண்டு விமானம் நிற்க இடம். கையால் இறக்க 3 மணி நேரம் என்றால் நாளுக்கு 16 விமானம்தான். லோடர் வைத்து 1 மணி நேரத்தில் முடித்தால் 48. விமானம் அதேதான், விமானியும் அதேதான், ஒரே ஒரு லோடர் மூன்று மடங்காக்குகிறது. அதனால் முதல் நடையில் அரிசி போகக் கூடாது, லோடர் போகணும். அதை டிவியில் காட்டினால் 'சாப்பாட்டுக்குப் பதில் வண்டி அனுப்புகிறார்கள்' என்பார்கள்.

ஐ.எல்-76-க்கு இந்தத் தலைவலி கம்மி. கூரையில் தண்டவாளம் போட்டு நான்கு மின்தூக்கி ஓடும், ஒவ்வொன்றும் 2.5 டன். ரேம்ப்புக்கு வெளியே நிற்கும் லாரியில் தானே தூக்கி வைத்துவிடும். பறக்கும்போதே டயர் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பழைய விமானம்தான், எண்ணெயும் குடிக்கும். வெள்ளத்துக்கு எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வடசென்னை_72 | 26.12.2023, மதியம் 3:33

சரக்கைக் கட்டுவது பற்றி யாராவது எழுதுங்கள். சங்கிலியா பட்டையா?

சரக்குத்தளம் | 27.12.2023, காலை 6:40

எவ்வளவு கட்டணும் என்பதற்கு விதி: முன்பக்கம் சரக்கின் எடையைப் போல் 3 மடங்கு தாங்கணும். பின்பக்கம் 1.5, பக்கவாட்டில் 1.5, மேல்நோக்கி 2.

5,000 பவுண்டு ஜெனரேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 15,000 தேவை. 10,000 பவுண்டு சங்கிலியைத் தரையிலிருந்து 30 டிகிரி, விமானத்தின் நீளக்கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்த்துக் கட்டினால் நீளவாக்கில் 75 சதவீதம்தான் பலன், 7,500. மேல்நோக்கி 5,000, பக்கவாட்டில் 4,330. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆக நான்கு சங்கிலி. முன்பக்கம் சரியாக 15,000. பின்பக்கம் 7,500 போதும், 15,000 கிடைக்கிறது. பக்கத்துக்கு 7,500 வேணும், 8,660 வருகிறது. மேல்நோக்கி 10,000 வேணும், 20,000. முடிந்தது.

கோட்டைவிடும் இடங்கள் மூன்று. சங்கிலி 10,000 தாங்கும், ஜெனரேட்டரில் இருக்கும் கொக்கி 5,000தான் தாங்கும் என்றால் கணக்கில் 5,000தான். ஒரே திசைக்குச் சங்கிலியும் நைலான் பட்டையும் கலந்து கட்டக் கூடாது. பட்டை நீளும், சங்கிலி நீளாது, மொத்த பாரமும் சங்கிலிக்கே போகும். மூன்றாவது, ஸ்பிரிங் உள்ள வண்டியில் மேல்பாகத்தைப் பிடித்துக் கட்டினால் குலுங்கும்போது சங்கிலி தளரும்.

2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தான் பக்ராம். ஐந்து கவச வண்டிகளோடு கிளம்பிய 747 சரக்கு விமானம் ஏறும்போதே பின்னால் இருந்த வண்டி பிய்த்துக்கொண்டு பின்னோக்கிப் போய் ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையைத் திருப்பும் திருகையும் உடைத்தது. ஏழு பேர் இறந்தார்கள். வண்டிகளைக் கட்டியிருந்தது பட்டையால்.

மேட்டுப்பல்லாவரம் | 27.12.2023, காலை 8:15

வண்டி ஏத்தும்போது டேங்க்ல முழுக்க டீசல் வெக்காதீங்க. மேல ஏற ஏற அழுத்தம் குறையும், வழியும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். வெள்ளம்னா எல்லாரும் முதல்ல அனுப்புறது அதுதான். எண்ணெய் பட்டா தீப்பிடிக்கும், ஈரமானா வர்ற வாயு விமானத்தோட அலுமினியத்த அரிக்கும். தனியா, டீசல் ஜெனரேட்டர்லேருந்து தள்ளி, சீல் பண்ண டிரம்ல.

பெருங்குடி_வாசகர் | 27.12.2023, இரவு 9:50

அப்போ 2021-ல ஆக்சிஜன் டேங்கர எப்படி சி-17-ல ஏத்துனாங்க?

சரக்குத்தளம் | 27.12.2023, இரவு 11:05

காலியாக. திரவ ஆக்சிஜன் கொதித்துக்கொண்டே இருக்கும், வாயுவை வெளியே விட்டாகணும், மூடிய சரக்கறையில் அதை விட முடியாது. காலி டேங்கரை ஆலை இருக்கும் ஊருக்குப் பறக்கவைத்து, நிரப்பி, ரயிலிலோ சாலையிலோ திரும்பக் கொண்டுவந்தார்கள். மிச்சமானது ஒருவழிப் பயண நேரம். சிலிண்டர் வேறு கதை. 2021 மே மாதம் பிரிட்டனிலிருந்து 450 சிலிண்டரை விமானப்படை சென்னைக்கே நேராகக் கொண்டுவந்தது.

உப்பும் இப்படி வம்பு பிடித்த சரக்குதான். 1948-49 பெர்லின் வான்பாலத்தில், அதாவது தரைவழி அடைபட்ட நகரத்துக்கு விமானத்திலேயே சரக்கு கொண்டுபோனதில், மொத்தம் 23 லட்சம் டன் போனது, மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. கரித்தூள் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் மின்கம்பிகளையும் தின்றது. உப்போ தரைக்கடியில் இறங்கி எல்லாவற்றையும் அரிக்கும். அதனால் கடல்நீரைத் தாங்கும்படி செய்த சண்டர்லேண்ட் படகு விமானங்களில் உப்பை ஏற்றி, ஹாவெல் ஏரியில் இறக்கினார்கள். இறங்கத் தவறிய விமானம் இரண்டாம் முறை சுற்றக் கூடாது, சரக்கோடு திரும்பிப் போகணும் என்பது அங்கே சட்டம். ஒன்று சுற்றினால் பின்னால் வரிசையில் வரும் எல்லாமே சுற்றணும்.

மேட்டுப்பல்லாவரம் | 13.01.2024, காலை 7:10

2016 ஜூலை 22 தாம்பரத்துலேருந்து போர்ட் பிளேர் கிளம்பி, 29 பேரோட காணாமப்போன விமானப்படையோட ஏ.என்-32 சரக்கு விமானம். அதோட பாகங்கள் வங்கக்கடல்ல 3,400 மீட்டர் ஆழத்துல கெடச்சிருக்கு. நம்ம பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படம்.

சரக்குத்தளம் | 13.01.2024, இரவு 9:30

பார்த்தேன். ஏழரை வருஷம்.

விமானத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 6.7 டன் ஏற்றும். இன்ஜின் இறக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கக் காரணம், மலைத்தளங்களுக்காகப் போட்ட 4.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர். கீழே வைத்தால் தரையில் இடிக்கும். ரேம்ப்பை அப்படியே முன்னால் நகர்த்தி வயிற்றுக்கடியில் ஒதுக்கிவிடலாம், லாரி கதவுவரை வந்து ஒட்டி நிற்கும். உதிரிப் பாகங்கள் கிடைப்பதுதான் 2014-க்குப் பிறகு பாடு, தயாரித்த நாடு உக்ரைன்.

பெருங்குடி_வாசகர் | 10.03.2024, மாலை 6:20

காசாவுல பாராசூட் விரியாம மூட்டை விழுந்து அஞ்சு பேர் செத்தாங்கன்னு செய்தி. நீங்க டிசம்பர்ல எழுதுனத திரும்பிப் போய்ப் படிச்சேன்.

சரக்குத்தளம் | 11.03.2024, காலை 6:00

இந்த மாதம் 2-ஆம் தேதி அமெரிக்கா போட்டதன் கணக்கைப் பாருங்கள். மூன்று சி-130, 66 மூட்டை, 38,000 வேளைச் சாப்பாடு. மூட்டைக்கு 576 வேளை. சாலை திறந்திருந்தால் அது சில லாரிச் சுமை. சாலையும் ஓடுபாதையும் இரண்டும் இல்லை என்றால் மட்டுமே மேலிருந்து போடுவது.

வடசென்னை_72 | 29.10.2024, காலை 10:12

வடோதராவில் சி-295 சரக்கு விமான ஆலை நேற்றுத் திறந்தாயிற்று. 56 விமானம், அதில் 40 இங்கே. இனி நிவாரணத்துக்கு இதுதானா?

சரக்குத்தளம் | 29.10.2024, இரவு 8:40

விமானப்படையின் பழைய ஆவ்ரோ விமானத்துக்குப் பதில் வருவது. 9 டன் வரை ஏற்றும். 88-க்கு 108 பேலட் ஐந்து போகும், சின்ன ஓடுபாதை போதும். தூத்துக்குடி மாதிரி இடத்துக்குப் பொருத்தம்.

ஒன்றே ஒன்று. உள்ளுயரம் 1.90 மீட்டர். சி-17-க்காக 96 அங்குலம், அதாவது 2.44 மீட்டர் உயரம் அடுக்கிய பேலட் இதில் நுழையாது. சென்னையில் பெரிய விமானத்திலிருந்து இறக்கி இதில் மாற்றி அனுப்பலாம் என்று திட்டம் போட்டால், ஏப்ரனில் வலையை அவிழ்த்து எல்லாவற்றையும் திரும்ப அடுக்கணும்.

மேட்டுப்பல்லாவரம் | 29.10.2024, இரவு 9:05

கிளம்புற எடத்துலயே 65 அங்குலத்தோட நிறுத்திக் கட்டச் சொல்லுங்க. பேலட் எடையையும் உயரத்தையும் ரெண்டு பக்கமும் பெரிசா எழுதி ஒட்டணும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுனா அந்தப் பக்கம்தான் சுவரப் பாத்து நிக்கும்.